ஜொகூர் மண்ணில் தமிழர் பதித்த சுவடுகள்

மலாயாத் தீபகற்பத்தின் தென்கோடியில் அமைந்துள்ள ஜொகூர் மாநிலம், பல இனத்தவரின் உழைப்பால் உருவான மாநிலமாகும். 1855ஆம் ஆண்டு தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் காலத்தில் தஞ்சோங் புத்திரி என்ற பெயரில் தோன்றிய சிற்றூர், 1866இல் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. நவீன ஜொகூரின் தந்தை எனப் போற்றப்படும் சுல்தான் அபு பாக்கார் இம்மாநிலத்தைச் சீரமைத்து, 1895இல் அதற்கென ஓர் அரசியல் சட்டத்தையும் வழங்கினார். அவருக்குப் பின் அரியணை ஏறிய சுல்தான் இப்ராகிம், 1895 முதல் 1959 வரை அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆட்சி புரிந்தார். ஜொகூர் தமிழரின் வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டாம் மன்னரின் ஆட்சிக்காலத்திலேயே வேரூன்றியது எனலாம்.

காடு தோட்டமான கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் செல்வம் மிளகும் கேம்பியருமே ஆகும். ஆற்றங்கரைகளில் சீனக் குடியேறிகள் காங்சூ முறையின்கீழ் இப்பயிர்களை வளர்த்தனர். இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டிய குத்தகையாளர் வோங் ஆ பூக், நீராவி மரஆலை நிறுவிய ஸ்காத்லாந்துக்காரர் மெல்ட்ரம் ஆகியோரின் பெயர்கள் இன்றும் ஜொகூர் பாருவின் வீதிகளில் வழங்கி வருகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. கேம்பியர் மங்கியது, இரப்பர் ஓங்கியது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை அமைக்கப்பட்ட இரயில் பாதை 1909இல் நிறைவெய்தியதும், சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் முதலிய உட்பகுதிகளில் பெருந்தோட்டங்கள் விரைந்து பரவின. 1924இல் ஜொகூர் கடற்பாலம் திறக்கப்பட்டபின், தோட்டங்களின் விளைபொருள் தடையின்றிச் சிங்கப்பூர்த் துறைமுகம் சென்றடைந்தது.

இத்தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பைத் தந்தவர்கள் தமிழர்களே. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக அவர்கள் வந்தனர். 1907இல் அமைக்கப்பட்ட இந்தியர் குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் தண்டிய வரியைக் கொண்டு அவர்தம் கப்பற் செலவை ஏற்றது. முறி எழுதிக் கொடுத்து ஆள் சேர்க்கும் கொடிய முறை 1910இல் நிறுத்தப்பட்டது. 1938இல் இந்திய அரசாங்கம், உதவி பெற்று வரும் கூலிக் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. விடியற்காலைப் பெரட்டு, பால்வெட்டு, ஒற்றை அறை லய வீடு, ஆயாக் கொட்டகை என ஒரு தனி உலகமே அங்கு உருவாயிற்று. எனினும் காடழித்த அக்கைகளுக்குரியோரின் பெயர்கள் பெரும்பாலும் தோட்டக் கிராணியின் சம்பளப் புத்தகத்தில் மட்டுமே இடம்பெற்றன.

தோட்டத்துக்கு வெளியேயும் தமிழர் பலர் தொண்டாற்றினர். நகரத்தார்கள் மூவார் முதலிய ஊர்களில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். யாழ்ப்பாணத் தமிழர்கள் இரயில் நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணிபுரிந்தனர். தமிழ் முஸ்லிம்கள் வணிகத்தில் தழைத்தனர்.

அரசர் அளித்த நிலம்

ஜொகூர் பாருவின் நடுவே, ஜாலான் உங்கு புவானில் எழுந்தருளியுள்ள அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயம் 1911இல் அமைந்தது. மன்னர் குடும்பத்தின் ஆதரவோடு கிடைத்த நிலத்தில் அமைந்தமையால் அம்மனின் திருப்பெயரோடு 'இராஜ' என்ற அடைமொழி இணைந்தது என்பர். 1922இல் ஒரு சிறு குடிலாகத் தோன்றிய அருள்மிகு ஸ்ரீ இராஜகாளியம்மன் ஆலயமும் அவ்வாறே அரச ஆதரவில் கிடைத்த நிலத்தில் எழுந்தது. 2009ஆம் ஆண்டளவில் அது ஏறத்தாழ 3 இலட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் அணிசெய்யப்பட்டு, நாட்டின் முதற் கண்ணாடிக் கோயிலாகப் புகழ் பெற்றது. இராஜமாரியம்மன் ஆலயத்துக்கு அருகே, ஜாலான் துருஸ் பகுதியில் பழைய சீனக் கோயிலும் சீக்கியர் குருத்துவாராவும் நிற்பது, இம்மாநிலத்தின் சமய நல்லிணக்கத்துக்குச் சான்றாகும்.

தோட்டக் கோயில்களின் நிலை இதனின் வேறானது. மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத் தொடங்கி, கீற்றுக் கொட்டகையாகி, பின் துத்தநாகக் கூரையும் செங்கற் சுவரும் பெற்றவை அவை. தொழிலாளர் தம் சொற்பச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தந்து அவற்றை வளர்த்தனர். ஆயினும் கோயில் நின்ற நிலம் அவர்களுடையதன்று, தோட்ட நிறுவனத்தினுடையது. இந்த ஒரு வேறுபாடே பிற்காலத்தில் பெரிய விளைவுகளுக்குக் காரணமாயிற்று.

போரும் அதன் பின்னும்

1942 ஜனவரி இறுதியில் கடற்பாலம் தகர்க்கப்பட, ஜொகூர் ஜப்பானியர் வசமாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வராதோர் மிகப் பலர். அவர்களுக்குத் தனிக் கல்லறைகளும் இல்லை. முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை. நேதாஜியின் அழைப்பை ஏற்று இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழரும் பலராவர். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் அணிவகுத்தனர்.

போருக்குப் பின், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. நாராயணன் அதனைத் திறம்பட வழிநடத்தினார். ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தனர். இதனைத் தடுக்கும் பொருட்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் மாதச் சந்தாவைக் கொண்டே தோட்டம் வாங்கலாம் என்பதை அச்சங்கம் மெய்ப்பித்தது.

தோட்டம் மறைந்தும் நிற்கும் பெயர்

பிற்காலத்தில் இரப்பர் செம்பனைக்கு இடம் தந்தது. பின்னர்ச் செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் வழிவிட்டது. தெப்ராவ், ஸ்கூடாய், மாசாய் வட்டாரங்களில் இம்மாற்றம் மிகுதி. தோட்ட நிலம் கைமாறியபோது கோயில்களும் பெயர்க்கப்பட்டன. சில மாற்று நிலம் பெற்றன, சில மறைந்தன. தமிழ்ப்பள்ளிகளோ பெரும்பாலும் தோட்டப் பெயரைச் சுமந்தபடியே நகருக்கு வந்தன. ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்று நகர்ப்புற வீடுகளின் நடுவே நின்றவாறு, தான் பிறந்த தோட்டத்தின் பெயரைக் காத்து வருகின்றது. மாநிலத்தில் இன்று ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன.

இவ்வரலாறு புகட்டும் பாடம் தெளிவானது. நிலப்பத்திரம் பெற்ற ஆலயங்கள் நூறாண்டு கடந்தும் நிலைத்துள்ளன. பத்திரமற்றவை பக்தி இருந்தும் நிலைபெயர்ந்தன. ஆதலின் ஒவ்வோர் ஆலயமும் தனது நிலம், பதிவு ஆகியவற்றைச் செம்மை செய்துகொள்வதும், தோட்ட வாழ்வை அறிந்த முதியோர் உள்ளபோதே தோற்ற ஆண்டு, தொண்டாற்றியோர் பெயர், பழைய நிழற்படம் முதலியவற்றைத் தொகுத்து வைப்பதும் இன்றியமையாத கடமைகளாகும். சம்பளப் புத்தகங்கள் மறைந்தாலும், அவற்றில் மட்டுமே வாழ்ந்த பெயர்கள் ஆலயத்தின் ஏட்டிலேனும் நிலைபெறட்டும். அதற்கு அன்னையின் திருவருள் துணை நிற்பதாக!