பட்டையும் தாங்கியும்: தேயிலை ஆலையில் ஒரு கணக்கு

கேமரன் மலையின் வரலாற்றை எழுதுவோர், 1885இல் அம்மலைப் பகுதியை அளந்த வில்லியம் கேமரனையும், 1929இல் ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தையும் தவறாது குறிப்பர். கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலி போன்ற தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய தமிழ் மக்களையும் நினைவுகூர்வர். அக்கொழுந்தைத் தேயிலையாக்கும் பொறிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை ஈண்டுக் காண்போம்.

கிள்ளிய கொழுந்து காத்திராது. வாட்டியபின் உரிய காலத்தில் உருட்டாவிடில் அதன் குணம் கெடும். கையால் செய்துவந்த அவ்வேலைக்கு 1872இல் அஸ்ஸாமில் வில்லியம் ஜாக்சன் உருட்டுப்பொறி அமைத்தார். அக்காலத்து ஆலைகளில் நீராவிப் பொறியின் ஆற்றல் கூரையடியில் சுழலும் நீண்ட தண்டினை அடைந்து, தட்டையான தோல் பட்டைகளின் வழியே ஒவ்வொரு பொறிக்கும் சென்றது.

பட்டை உராய்வினால் இழுக்கிறது. அதன் இறுகிய பக்கத்து இழுவைக்கும் தளர்ந்த பக்கத்து இழுவைக்கும் உள்ள விகிதத்தை ஆய்லரின் ஆய்வும், 1808இல் வெளிவந்த ஐட்டல்வைனின் நூலும் வகுத்துக் காட்டின. வேலை செய்வது இவ்விரண்டு இழுவைகளின் வேறுபாடு. தண்டின் தாங்கி சுமப்பதோ இரண்டின் கூட்டுத்தொகை. உராய்வெண் 0.3 எனவும், பட்டை சக்கரத்தில் பாதிச் சுற்றுத் தழுவுவதாகவும் கொண்டால் அவ்விகிதம் 2.57 ஆகும். அதாவது, 100 பங்கு வேலைவிசைக்குத் தாங்கி 227 பங்கு சுமக்கும்.

1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ஆப்பு வடிவ ரப்பர்ப் பட்டையை உருவாக்கினார். அதுவே வீ-பெல்ட். சக்கரத்தின் 40 பாகைப் பள்ளத்தில் அது ஆப்புப்போல் இறங்கி இருபுறமும் பற்றுவதால், உராய்வின் பயன் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஏட்டுக் கணக்கில் விகிதம் 15ஐத் தாண்டினும், பொறியாளர் பாதுகாப்புக் கருதி 5 என்றே கொள்வர். அவ்வாறு கொண்டாலும் தாங்கியின் சுமை 150 பங்கே.

இக்குறைவு சிறிதன்று. குண்டுத் தாங்கியின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என லுண்ட்பெர்க், பால்ம்கிரென் ஆகியோர் 1947இல் நிறுவினர். அதன்படி நோக்கின், 227 பங்கு 150 ஆகும்போது ஆயுள் மூன்று மடங்குக்கு மேல் நீளும்.

எனினும், இறுக்கமே வலிமை என்னும் பழைய எண்ணத்தால் புதிய பட்டையையும் அளவுக்கு மீறி இறுக்குவோர் உளர். அவ்விறுக்கம் ஆப்பு வடிவம் தந்த பயனைப் பறித்துவிடும். தாங்கி சூடேறிப் பழுதாகி உருட்டுப்பொறி நின்றால், மலைச் சரிவில் காலைமுதல் கிள்ளிய கொழுந்தும் கெட்டொழியும். இழுவை, உராய்வு, தாங்கி எனத் தமிழிலேயே விளங்கும் இக்கணக்கைத் தோட்டப்புறப் பள்ளிகளில் கற்பித்தல் நலம். அம்மாணவர் நாள்தோறும் காணும் பொறியே அதற்கு எடுத்துக்காட்டாகும்.