நீர்க்கட்டியா, புற்றா? ஓர் இழைத் திசுவின் பயணம்

மார்பகக் கட்டியிலிருந்து ஊசி உருவியெடுக்கும் திசு ஒன்றரை மில்லிமீட்டர் பருமன், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம். பெரிய மருத்துவமனைகளில் இந்த இழையின் பயணம் அன்றாடம் தொடங்குகிறது.

திசு எடுக்க வேண்டுமா என்பதை முதலில் சொல்வது ஸ்கேன். எளிய நீர்க்கட்டி அல்ட்ராசவுண்டில் மெல்லிய சுவரோடு முழுக்கக் கறுப்பாகத் தெரியும். அதற்குப் பயாப்சி, அதாவது ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது, வேண்டியதில்லை. அதே சாயலில் வரும் புற்றுதான் ஆபத்து. வேகமாக வளரும் ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ வகை (கீழே சொல்லும் மூன்று சோதனைகளிலும் ‘நெகட்டிவ்’ என வருவது) உருண்டையாக, வழவழப்பான விளிம்போடு இருக்கக்கூடும். கூழ் நிறைந்த மியூசினஸ் வகையும், நீர்ப்பைக்குள் முளைக்கும் பாப்பில்லரி வகையும் இப்படி ஏய்க்கும். உள்ளே திடப்பகுதி, தடித்த சுவர், உறிஞ்சிய நீரில் ரத்தம், உறிஞ்சிய பின்னும் எஞ்சும் கட்டி: இவை சந்தேகத்துக்குரிய அடையாளங்கள். இவை தெரிந்தால் நீர்க்கட்டி என்று விட்டுவிடக் கூடாது.

எடுத்த இழை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்க வேண்டும். தாமதித்தால் பின்னால் சோதிக்க வேண்டிய புரதங்கள் சிதையும். ஃபார்மலினில் இழை 6 முதல் 72 மணி நேரம் ஊறும். பிறகு ஆல்கஹால் அதன் நீரை வாங்கும். சைலீன் ஆல்கஹாலை வெளியேற்றும். உருகிய பாரஃபின் மெழுகு அந்த இடத்தை நிரப்பும். இறுகிய மெழுகு பிளாக்கை மைக்ரோடோம் 3, 4 மைக்ரான் தடிமனில் சீவும். ஹெமட்டாக்சிலின் சாயம் உட்கருவை நீலமாக்க, ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். பேத்தாலஜிஸ்ட் புற்றுச் செல்லைக் கண்டால், அதே பிளாக்கிலிருந்து புதிய சீவல்கள் எடுத்து ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, ஹெர்-2 புரதம் ஆகிய மூன்றுக்கும் சோதனைகள் நடக்கும். எந்தச் சிகிச்சை என்பதை அவை சொல்லும்.

‘புற்று இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. ஊசி பக்கத்துத் திசுவை எடுத்திருக்கலாம். மருத்துவர் தொட்டுப் பார்த்தது, ஸ்கேன் காட்டியது, ஸ்லைடு சொன்னது மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மறுபடி திசு எடுக்க வேண்டும்.

2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. மேலைநாடுகளைவிட இங்கே இளம் வயதிலேயே இது வருகிறது. டிரிப்பிள் நெகட்டிவ் வகையும் கூடுதல். ஆகவே ‘சின்ன வயசு, நீர்க்கட்டியாகத்தான் இருக்கும்’ என்ற ஆறுதலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மெழுகு பிளாக்கைப் பரிசோதனைக்கூடம் பல ஆண்டுகள் பாதுகாக்கும். அதையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டலாம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஸ்கேனில் கண்டதற்கு இந்த முடிவு பொருந்துகிறதா?”