கிணற்றுக் கணக்கும் திட்ட நிதியும்: தருமபுரி நிலத்தடி நீர்த் தரவுகளை முன்வைத்து

கிணற்றுத் தண்ணீரை நம் வீடுகளில் இரண்டு சோதனைகளால் மதிப்பிடுவார்கள்: நாவில் கரிக்கிறதா, உலையில் பருப்பு வேகிறதா. புளோரைடு இந்த இரண்டிலும் அகப்படாது. அதற்குச் சுவை இல்லை. போதாக்குறைக்கு, கால்சியம் மிகுந்த நீரில் அது கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடுகிறது. கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய நீரில்தான் கரைந்து தங்குகிறது. அதாவது, பருப்பைப் பூவாய் வேகவைக்கும் மென்னீரே குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை ஏற்றும் நீராகவும் இருக்கக்கூடும். அனுபவ அறிவு கைவிடும் இந்த இடத்தில் ஆய்வகக் கணக்கு ஒன்றே துணை. அந்தக் கணக்கை ஆண்டு தவறாமல் எழுதிவைக்கப் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தை அடுத்த ஏரியூர் இக்கேள்விக்குப் பொருத்தமான ஊர். ஒன்றியத்தின் எல்லையில், நாகமரைத் துறையில், மேட்டூர் நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. மேட்டு நிலத்து வீடுகளோ தலைமுறைகளாகக் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி வாழ்ந்தவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப் பாறைகளில் உள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடு நீரில் கசிகிறது. இந்திய நியமம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கிறது. புளோரைடால் வரும் நோய் புதிதன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் புளோரைடு நச்சு பரவியிருந்ததை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் 1937இலேயே எழுதினர்.

எனினும் ஒரு நாள் எடுத்த ஒரு புட்டித் தண்ணீர் பெரிதாக எதையும் சொல்லாது. புளோரைடின் அளவு மழைக்கு முன்பும் பின்பும் மாறும், ஆழத்தோடும் மாறும். ஆயிரம் அடி போர்வெல்லின் முடிவை, அதே ஊரில் முன்பு இருந்த நாற்பதடிக் கிணற்றின் முடிவுக்கு நேரே எழுதினால், எண் சரியாக இருந்தும் ஒப்பீடு பொய்யாகிவிடும். எனவே தரவு எனப்படுவது வெறும் எண் வரிசை அன்று. கிணற்றின் அடையாள எண், ஆழம், பாறை வகை, மாதிரி எடுத்த மாதம், பழைய நோக்குக் கிணறு வற்றியபோது மாற்றுக் கிணறு எதனோடு ஒப்பிட்டுத் தெரிவு செய்யப்பட்டது என்ற குறிப்பு எல்லாம் சேர்ந்ததே தரவு. இக்குறிப்புகளைக் காப்பது கணினி செய்யும் வேலையன்று. அந்தக் கிணறுகளை அறிந்த ஆள் செய்வது.

சென்னை தரமணியில் உள்ள மாநில நிலநீர் மற்றும் மேற்பரப்பு நீர்வள விவரக் குறிப்பு மையமும், மத்திய நிலத்தடி நீர் வாரியமும், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களும் தத்தம் தேவைக்கேற்ப அளக்கின்றன. இவற்றை ஒருங்கே கொண்டுவரும் முயற்சிக்குப் பணம் வந்த வழியைப் பார்த்தால் சிக்கல் புலப்படும். உலக வங்கி உதவியுடன் நீரியல் திட்டத்தின் முதல் கட்டம் 1995 முதல் 2003 வரை நடந்தது. தமிழ்நாடும் அதில் இருந்தது. இரண்டாம் கட்டம் 2006இல் தொடங்கி 2014இல் முடிந்தது. அடுத்து தேசிய நீரியல் திட்டம், சுமார் 3,680 கோடி ரூபாய் மதிப்பில், எட்டு ஆண்டுத் திட்டமாக 2016இல் ஒப்புதல் பெற்றது. தொகை சிறிதன்று. கட்டங்களுக்கு நடுவே உள்ள ஆண்டுகளைத்தான் கவனிக்க வேண்டும். கருவி வாங்கவும் இணையத் தளம் அமைக்கவும் திட்ட நிதி தாராளமாக இருக்கும். கருவியின் மின்கலத்தை மாற்றவும், அதன் சிம் கார்டுக்குப் பணம் கட்டவும், ஆய்வகத்துக்கு வேதிப்பொருள் வாங்கவும், ஜீப்புக்கு டீசல் போடவும் ஆகும் செலவு திட்டம் முடிந்த மறுநாளும் வரும். மூலதனச் செலவுக்கு நாடா வெட்டும் விழா உண்டு. வேதிப்பொருள் வாங்குவதற்கு யார் விழா எடுப்பார்கள்?

நிதி நின்றால் தொடரும் அறும். ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958இல் தொடங்கிய கார்பன் டையாக்சைடு அளவீடு உலகப் புகழ் பெற்றது. அதிலும் 1964இன் தொடக்க மாதங்களில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. காரணம் நிதி வெட்டு. அந்த மாதங்களின் காற்றை இனி எந்தப் பணத்தாலும் அளக்க முடியாது. நம் கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். ஆட்சி மாறியும், நிர்வாகம் வானிலைத் துறையிடமிருந்து 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குக் கை மாறியும் அந்தத் தொடர் நீடித்தது. என் கணிப்பில், அந்த வேலை ஒரு திட்டத்தின் வெளியீடாக இல்லாமல், ஒரு நிலையத்தின் அன்றாடக் கடமையாக, அதன் சம்பளப் பட்டியலுக்குள்ளேயே இருந்ததுதான் இதற்கு முதற்காரணம்.

பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கலாமே என்பார் உண்டு. அராபிடாப்சிஸ் தாவரத்தின் மரபணுத் தகவல் தளமான 'டேர்', அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதி 2013இல் நின்றபின் சந்தா முறைக்கு மாறிப் பிழைத்தது. அங்கே சந்தா கட்டப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் இருந்தன. ஏரியூர்க் கிணற்றின் கணக்கு யாருக்கு மிகவும் வேண்டுமோ அவர் சந்தா கட்டும் நிலையில் இல்லை; அவருடைய கிணற்றின் கணக்கை அவருக்கே விற்பது நியாயமும் ஆகாது. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் 1988 முதல் இயங்கும் உலக ஆற்றோட்டத் தரவு மையமே நமக்கு நெருங்கிய முன்மாதிரி. பல நாடுகளின் ஆற்றுத் தரவை ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் அம்மையத்தை ஒரு கூட்டாட்சி அரசு நிறுவனம் தன் கூரையின்கீழ் வைத்து நடத்துகிறது.

அரசின் வருவாய்ச் செலவில் நிரந்தரத் தலைப்பு வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அது ஒன்றே போதும் என்று நான் நம்பவில்லை. நெருக்கடியான ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது பயணப்படியும் வேதிப்பொருளும்தான். ஆகவே ஒரு வைப்பு நிதியும் வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாயில் நிறைவேறி 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இதில் நூற்றுக்கு ஒரு பங்கை அன்றே ஒதுக்கியிருந்தால் ஏறத்தாழ 19.29 கோடி. ஆறு விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.16 கோடி ரூபாய் கிடைத்திருக்கும்.

இத்திட்டத்தால் காவிரி நீர் குழாயில் வந்தபின் கிணற்றை அளப்பானேன் என்ற எதிர்வாதம் வலுவானதாகத் தோன்றும். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் மக்கள் எந்தத் தண்ணீருக்குத் திரும்புகிறார்கள்? திட்டத்தால் நோய் எவ்வளவு தணிந்தது என்று நிறுவ, முன்னும் பின்னும் ஒரே சீராக அளந்த கணக்கு இல்லாமல் எப்படி முடியும்? கிணற்றுக் கணக்கு அந்த 1,928 கோடிக்கான தணிக்கையும் ஆகும்.

மற்றொரு வருவாய், நிலத்தடி நீரை வணிகத்துக்காக இறைப்போரிடம் பெறும் கட்டணம். இதற்குச் சட்ட அடித்தளம் வேண்டும். தமிழ்நாடு 2003இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. புதுச் சட்டம் வருமானால், கட்டணத்தின் ஒரு பகுதி தரவுக்கே சேர வேண்டும் என்பது விதியிலன்றிச் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். வைப்பு நிதியின் ஆவணத்தில் ஒரு தடையும் வேண்டும்: வட்டியைப் புதிய இணையத் தளத்துக்கோ புதிய கட்டடத்துக்கோ செலவிடக் கூடாது, மாதிரி எடுப்பவரின் சம்பளம், பயணம், ஆய்வகச் செலவு, பழைய பதிவேடுகளைச் சரிபார்க்கும் பணி ஆகியவற்றுக்கே அது செல்ல வேண்டும்.