பாதுகாப்பு ஆணை

'இவரை நெருங்காதே, தொடர்புகொள்ளாதே' என்று வன்முறையாளரைத் தடுக்கும் கட்டளை. 'ஆணை' என்பது ஆஜ்ஞா என்ற வடசொல்லோடும் ஆணா என்ற பிராகிருத வடிவோடும் உறவுடையது. கட்டளை, அதிகாரம், சத்தியம் மூன்றையும் குறிக்கும். யாருடைய அதிகாரம் என்ற கேள்வி இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களுக்கு அதுதான் உயிர்க்கேள்வி.

அங்கே இந்தப் பெயரில் இரண்டு ஆணைகள் உண்டு. நீதிமன்றம் தரும் ஆணையை மீறினால் ஊர்க் காவலர் கைது செய்யலாம். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது படைத்தளத்துக்குள்ளும் செல்லும். வீரரின் மேலதிகாரி தருவது படைத்துறை ஆணை. விசாரணைக்குக் காத்திராமல் உடனே கிடைப்பது அதன் பெரும்பலம். ஆனால் தளத்துக்கு வெளியே வீரர் அதை மீறினால், அந்த மீறலுக்காக மட்டும் ஊர்க் காவலர் அவரைக் கைது செய்ய முடியாது. அடிதடி, அத்துமீறி நுழைதல் போன்ற தனிக் குற்றம் நடந்திருந்தால் முடியும். இல்லையெனில் படைத்தரப்புக்குத் தகவல் தர வேண்டியதுதான். கீழ்ப்படியாமைக்கான தண்டனை படைச்சட்டத்தின்படி வரும்.

தளத்துக்கு வெளியே வாடகை வீட்டில் வாழும் மனைவிக்கு இது ஆபத்தான இடைவெளி. கதவைத் தட்டுகிறவனை ஆணையை மீறியதற்காகவே காவலர் கைது செய்ய வேண்டுமென்றால், மேலதிகாரியின் தாளோடு நிற்காமல் நீதிமன்ற ஆணையையும் அந்த மனைவி பெற்றாக வேண்டும். படைத்துறை ஆணை பற்றி ஊர்க் காவல்துறைக்கு அறிவிப்பது சட்டக் கடமை. தேசியக் குற்றத் தகவல் மையத்திலும் அது பதிவாகிறது. வாசலுக்கு வரும் காவலருக்கு அந்தப் பதிவு எச்சரிக்கை தரும், கைது அதிகாரம் தராது.