நீராவி அறையும் கதிர் அறையும்



வட ஐரோப்பாவில் உள்ள பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். அந்நாட்டிலுள்ள வெப்பக் குளியலறைகளோ 30 இலட்சத்துக்கும் மேல். அவற்றிற்குச் ‘சௌனா’ என்று பெயர்.

முற்காலச் சௌனாவுக்குப் புகைபோக்கி கிடையாது. கற்குவியலின் கீழே விறகை மணிக்கணக்கில் எரிப்பர். அறை முழுதும் புகை சூழும். நெருப்புத் தணிந்ததும் புகையை வெளியேற்றிவிட்டு உள்ளே சென்று அமர்வர். சுடுகல்லின்மேல் நீர் தெளித்தால் ஆவி எழும். அதனை ‘லோய்லு’ என்பர். அச்சொல் பண்டு உயிரையும் குறித்தது. நம் தமிழில் ‘ஆவி’ என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டல்லவா? நாட்டுப்புறப் பெண்கள் பிள்ளை பெற்றதும், இறந்தோரை நீராட்டியதும் அவ்வறையிலேதான். இம்மரபினை 2020-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இனி, அகச்சிவப்புக் கதிர் அறையின் வரலாற்றைக் காண்போம். 1800-இல் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்திலும் வெப்பமானி ஏறிற்று! அதுவே அகச்சிவப்புக் கதிர். அந்நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக், மின்விளக்குகள் பதித்த பெட்டியினுள் நோயாளியை அமர்த்தி ‘ஒளிக் குளியல்’ தந்தார். இன்றைய கதிர் அறை அதன் வழித்தோன்றல் எனலாம். அதில் கல்லும் இல்லை, நீரும் இல்லை.

சௌனாவில் காற்று 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடேறும். உடலைச் சுடச் செய்வது பெரும்பாலும் அக்காற்றும் ஆவியுமே. கதிர் அறையில் காற்று 45 முதல் 60 பாகையே இருக்கும். கதிர் நேரே தோலில் பட்டுச் சூடேற்றும். மார்கழிக் காலையில் காற்று குளிர்ந்திருக்க, இளவெயிலில் நிற்போர் கதகதப்பை உணர்வதைப் போன்றது இது.

இவ்வேறுபாட்டை அறிவதால் பயன் யாது? கிழக்குப் பின்லாந்தில் 2,300-க்கு மேற்பட்ட நடுவயது ஆடவரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து, 2015-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வாரத்தில் 4 முதல் 7 முறை சௌனாக் குளியல் கொண்டோரிடையே, ஒருமுறை மட்டும் கொண்டோரைவிட இதயநோய் மரணம் குறைவாக இருந்தது. அங்கும் குளியலே காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயின், கதிர் அறை விற்போர் சிலர் அவ்வாய்வையே தம் சரக்குக்கும் சான்றாகக் காட்டுகின்றனர். கதிர் அறைக்கு அத்துணை நீண்ட சான்று இல்லை. ஜப்பானில் 1989 முதல் மருத்துவர்கள் இதயம் நலிந்தோர்க்கு 60 பாகை வெப்பத்தில் 15 நிமிடம் இச்சிகிச்சை அளித்து நற்பயன் கண்டனர்; அவர்கள் ஆராய்ந்தோர் தொகை சிறிது; அதுவும் மருத்துவர் கண்காணிப்பில் நிகழ்ந்தது.

பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. ஒன்றைப் பற்றிய சான்றை மற்றொன்றுக்கு வழங்கும்போது, “இது எங்கே, எதைக் கொண்டு, யாரிடம் கண்டது?” என்று வினவுங்கள். வரலாறு கற்பதன் பயன் அவ்வினாவில் அடங்கியுள்ளது.