கல்லடைப்பு: மருத்துவம் கடந்துவந்த பாதை



விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்பட்டவர் திடீரென்று விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவதைத் தோட்டப்புறங்களில் நாம் பார்த்திருக்கிறோம். "கல்லடைப்பு" என்று பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். இந்த நோயோடு மனிதன் எவ்வளவு காலமாகப் போராடி வருகிறான், அந்தப் போராட்டம் எங்கே வந்து நிற்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

கல் எப்படி உண்டாகிறது? ஒரு கோப்பைத் தண்ணீரில் உப்பைக் கரைத்து வெயிலில் வையுங்கள். தண்ணீர் வற்ற வற்ற உப்பு மணிமணியாகப் படியும். நம் சிறுநீரிலும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை கரைந்திருக்கின்றன. உடலில் நீர் குறைந்தால் அவை படிந்து கல்லாகின்றன. அந்தக் கல் சிறுநீரகத்திலிருந்து இறங்கிக் குழாயில் சிக்கும்போதுதான் தாங்க முடியாத வலி வருகிறது.

இது புதிய நோயன்று. எகிப்தில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட உடலிலேயே சிறுநீர்ப்பைக் கல் கிடைத்திருக்கிறது. பண்டை இந்தியாவின் சுசுருத சம்ஹிதை, அந்தக் கல்லைக் கீறி எடுக்கும் முறையை விரிவாகக் கூறுகிறது. கைதேர்ந்த வைத்தியனுக்கும் இது நிச்சயமில்லாத சிகிச்சை. ஆகையால் அரசனிடம் அனுமதி பெற்றே செய்ய வேண்டும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. கத்தி வைத்தால் உயிருக்கு ஆபத்து, வைக்காவிட்டாலும் ஆபத்து!

இங்கிலாந்தில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் என்பவருக்கு 1658ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் இந்த அறுவை நடந்தது. அப்போது அவருக்கு வயது 25. மயக்க மருந்து இல்லாத காலம். பிழைத்தெழுந்த அவர், அந்த நாளை மறக்காமல் விருந்து வைத்துக் கொண்டாட விரும்பினார். எடுத்த கல்லையும் ஒரு பெட்டி செய்து பாதுகாத்தார்.

கத்தி மட்டும் போதாது, கல் எதனால் ஆனது என்றும் அறிய வேண்டுமல்லவா? சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே, 1776இல் இத்தகைய கல்லில் யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். 1824இல் பாரிஸ் நகரில் சிவியால் என்ற மருத்துவர், வயிற்றைக் கீறாமல் சிறுநீர் வழியே கருவியைச் செலுத்திச் சிறுநீர்ப்பைக் கல்லைப் பொடியாக்கிக் காட்டினார்.

பெரிய திருப்பம் ஆகாய விமானத் தொழிலிலிருந்து வந்தது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனப் பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். அதில் எழும் அதிர்வலையைச் சதைக்குப் பெருங்கேடின்றி உடலுக்குள் செலுத்திக் கல்லை உடைக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில், மருத்துவர் கிறிஸ்டியன் ஷௌசியும் அவர் குழுவினரும் முதல் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி, கத்தியே படாமல் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள்.

ஆனால், உடைத்த கல் மறுபடியும் வரலாமே? இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள், முதல்முறை கல் கண்ட 199 பேரை 5 ஆண்டுகள் கவனித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 2 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்கே கல் திரும்பியது. அவ்வாறு சொல்லப்படாத 100 பேரில் 27 பேருக்குத் திரும்பியது. நூற்றாண்டுகள் தேடிய மருந்து வீட்டுப் பானையிலேயே இருந்திருக்கிறது!

ஆனால், அந்த மருந்து எல்லாருக்கும் எட்டுகிறதா? எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து, "எங்கம்மா காட்டுல தண்ணியே குடிக்காது சார். ஒதுங்க இடமில்லேன்னு சொல்லும்" என்றாள். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில், நீரிழிவு முதலிய வழக்கமான காரணங்கள் இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பலரைப் பற்றி 2002இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். கடும் வெயிலும் ஓயாத உழைப்பும் நீர்க்குறைவும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. பின்னர் அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலைத்தளத்திலேயே தரும் முயற்சி தொடங்கியது.

ஆகவே நேயர்களே, வேலைக்குப் போகும்போது தண்ணீரை மறவாதீர்கள். சிறுநீர் மஞ்சளாகக் கறுத்தால் நீர் போதவில்லை என்று பொருள். உப்பைக் குறையுங்கள். வலியோடு காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் நின்றாலோ, மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். நீரைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னவர்கள் அவர் சொற்படியே நடக்கட்டும்.

வேலைக்காட்டில் குடிநீரும், பெண்கள் ஒதுங்க மறைவிடமும் கேட்பது சலுகை கேட்பதாகாது. அதுவும் வைத்தியமே. அந்தச் சிறுமிக்கு நாம் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில் அதுதான்.