ஏனோக்கைத் தேடிப் புறப்பட்ட கேமரா

பைபிளில் கடைசிக்கு முந்தைய புத்தகம் யூதா எழுதிய நிருபம். மொத்தமே ஒரு அதிகாரம். அதற்குள் ஏனோக்கு என்பவர் சொன்னதாக ஒரு தீர்க்கதரிசனம் வருகிறது. அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நம் வீட்டுப் பைபிளைப் புரட்டினால் கிடைக்காது. ஏனோக்கின் புத்தகம் என்று தனியாக ஒன்று இருந்தது. ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் அதைப் படித்தார்கள். பிறகு ஐரோப்பா அதைத் தொலைத்துவிட்டது. முழுசாக மிஞ்சியது எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீஸில் மட்டும்தான். அங்கே அது தொலையவே இல்லை. அவர்களுடைய வேதத்திலேயே ஒரு பகுதி அது. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1773-ல் சில படிகளோடு ஐரோப்பாவுக்குத் திரும்பிய பிறகுதான் மேற்கத்தியப் பண்டிதர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இருநூறு ஆண்டு கழித்து, வால்டர் ஹாரல்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு அது போதவில்லை. அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஏற்பாட்டு அறிஞர். சாக்கடல் சுருள்களில் ஏனோக்கின் அரமேயத் துண்டுகள் அகப்பட்டிருந்த காலம் அது. அவற்றோடு ஒப்பிட, இன்னும் பழைய கீஸ் ஏடுகள் வேண்டும். ஐரோப்பிய நூலகங்களில் இருந்தவற்றில் பல பிற்காலப் படிகள். பழையவை எத்தியோப்பிய மலைக்கோயில்களிலும் ஏரித்தீவு மடங்களிலும் இருக்கலாம் என்பது ஊகம். கையில் பட்டியல் இல்லை. ஒரு தேசத்தின் ஆவணங்களையே படமெடுத்து வைக்கும் திட்டம், ஒரு மனிதரின் ஆராய்ச்சித் தேவையிலிருந்து கிளம்பியது இப்படித்தான்.

அவர் உதவி கேட்டுப் போன இடம் மினசோட்டா மாநிலத்துக் காலேஜ்வில். அங்கே பெனடிக்ட் சபைத் துறவிகளின் பெரிய மடமும் பல்கலைக்கழகமும் உண்டு. நம்மூர்க் கத்தோலிக்கர் சொல்வதானால் ஆசீர்வாதப்பர் சபை. அந்தச் சபையின் தாய்மடம் இத்தாலியில் உள்ள மோன்தே கசினோ. 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. ஏடுகளைச் சில மாதம் முன்பே லாரிகளில் ஏற்றி ரோமுக்கு அனுப்பியிருந்ததால் அவை தப்பின. அந்த லாரிகள் கிளம்பாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு துறவிகளை விட்டுப் போகவில்லை. அடுத்த யுத்தம் அணுகுண்டு யுத்தமாக இருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த பனிப்போர்க் காலத்தில், ஐரோப்பிய மடங்களின் கையெழுத்து ஏடுகளை மைக்ரோஃபிலிமில் பிடித்து, கடல் தாண்டி ஒரு படி வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். ரயில்பாதை போட்டுப் பணக்காரரான ஹில் குடும்பத்தின் அறக்கட்டளை காசு கொடுத்தது. ஆலிவர் கப்ஸ்னர் என்ற துறவி, அந்த மடத்து நூலகர், கேமராவோடு ஆஸ்திரியா போனார். 1965 ஏப்ரலில் கிரெம்ஸ்மூன்ஸ்டர் மடத்தில் முதல் படம் விழுந்தது. அந்த முயற்சிதான் பிறகு ஹில் நூலகம் என்ற பெயரில் நிலைத்தது.

ஆஸ்திரியா அவர்களுக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி. ஒரே சபை, ஒரே ஜெபம். எத்தியோப்பியா அப்படியில்லை. நாலாம் நூற்றாண்டில் தோன்றித் தனிவழி நடக்கும் திருச்சபை அது. அந்நியர் ஏட்டைத் தொட்டால் என்ன ஆகும் என்பது அதற்கு அனுபவபூர்வமாகத் தெரியும்.

1868-ல் பிரிட்டிஷ் படை மக்தலா கோட்டையைத் தாக்கியது. பேரரசர் தெவோத்ரோஸ் தற்கொலை செய்துகொண்டார். இந்தப் படையெடுப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்பட ஒன்றுமில்லை என்றாலும். படை கிளம்பியது பம்பாயிலிருந்து. பீரங்கி சுமக்க யானைகளும் இங்கிருந்துதான் கப்பலேறின. நம் தம்பிகள் நிறைந்த மதராஸ் சாப்பர்ஸ் அதில் இருந்தார்கள். எத்தியோப்பியாவின் பழைய பெயரான 'அபிசீனியா' இன்றும் அந்தப் படைப்பிரிவின் போர்க் கௌரவங்களில் ஒன்று. கோட்டையில் அள்ளிய பொருளைச் சுமக்கப் பதினைந்து யானைகளும் இருநூறுக்குப் பக்கத்தில் கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன என்று சொல்வார்கள். வழியிலேயே ஒரு வெட்டவெளியில் ஏலம் போட்டார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆள் ஒருவர் படையோடு கூடவே போயிருந்தார், ஏடுகளைப் பொறுக்கி எடுக்க. அவற்றில் சுமார் 350 இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

நாலு வருஷம் கழித்து, புதிதாகப் பட்டத்துக்கு வந்த நாலாம் யோஹன்னஸ் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். நாட்டின் அரச பரம்பரையைச் சொல்லும் 'கெப்ர நகஸ்த்' உங்களிடம் இருக்கிறது, அது இல்லாமல் என் ஜனங்கள் எனக்குக் கட்டுப்பட மாட்டார்கள், திருப்பித் தாருங்கள் என்று. மியூசியத்தில் இரண்டு படி இருந்தன. ஒன்றைக் கொடுத்தார்கள்.

ஒரு நாட்டின் அரசர் தன் நாட்டுப் புத்தகத்துக்காக மனுப்போட வேண்டியிருந்தது என்பது எத்தியோப்பியருக்கு மறக்கிற விஷயமல்ல. ஆகவே 1970-களின் தொடக்கத்தில் ஹாரல்சனும், ஹில் நூலகத்து இயக்குநர் ஜூலியன் பிளாண்டும் அடிஸ் அபாபாவோடு பேசியபோது, நிபந்தனைகள்தான் எல்லாமே. ஏடு எங்கேயும் போகாது. படமெடுப்பது எத்தியோப்பியத் தொழிலாளர்கள். ஃபிலிமில் ஒரு படி அடிஸ் அபாபாவிலேயே இருக்கும், இன்னொன்று காலேஜ்வில்லுக்குப் போகும். திருச்சபையின் தலைவர் அபூன தெவோஃபிலோஸ் சம்மதித்தார். அமெரிக்காவின் மானுடக் கல்வித் துறைகளுக்கான தேசிய நிதியம் பணம் தந்தது. 1973-ல் வேலை தொடங்கியது. பெயர், எத்தியோப்பிய ஏடுகளின் மைக்ரோஃபிலிம் நூலகம், சுருக்கமாக இ.எம்.எம்.எல்.

எத்தியோப்பிய ஏடு என்பது நம் ஓலைச்சுவடி ஜாதியல்ல. ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ சுரண்டி, இழுத்துக் காயவைத்து, மடித்துத் தைத்து, இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே கட்டியது. வாரோடு கூடிய தோல்பை ஒன்றில் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். எழுத்து கறுப்பு மையில். கடவுள், மரியாள், புனிதர்கள் பெயர் வந்தால் சிவப்பு. கோயிலின் சுவிசேஷ ஏட்டில் காலியாக விட்ட பக்கங்கள் காலியாக இருப்பதில்லை. எந்த நிலம் கோயிலுக்கு யார் கொடுத்தது, என்னென்ன பாத்திரம் இருக்கிறது, யாருக்கு யாரோடு தகராறு என்று எல்லாம் அங்கேதான் எழுதிவைப்பார்கள். புனித ஏட்டில் எழுதியதை அழிக்க யாருக்கும் துணிவு வராது என்பது கணக்கு. அந்த நாட்டில் சர்வே ஆபீசும் ரிஜிஸ்டர் ஆபீசும் பல நூற்றாண்டுக்கு வேதப் புத்தகத்தின் ஓரத்தில்தான் நடந்தன.

இதனால்தான் ஏனோக்கைத் தேடிப் போன கேமராவில் ஏனோக்கைவிடப் பெரியது விழுந்தது. வொல்லோ பகுதியில் ஹைக் என்றொரு ஏரி. அதன் கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் எஸ்திஃபானோஸ் மடம். அங்கே எடுத்த ஏடுகளில் ஒன்றுக்கு இ.எம்.எம்.எல். 1832 என்று எண் விழுந்தது. அந்த மடத்தை வளர்த்த இயேசுஸ் மோவாவின் சுவிசேஷப் புத்தகம், 1280-81-ல் எழுதியது. சுவிசேஷத்தோடு கூட, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த மடத்தில் என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்ற பட்டியலும் அதில் இருக்கிறது. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நூலகத்தின் கேட்டலாக்! ஏனோக்கும் கிடைக்காமல் போகவில்லை. இ.எம்.எம்.எல். 2080 அந்தப் புத்தகத்தின் மிகப் பழைய படிகளில் ஒன்று. ஹாரல்சனின் ஊகம் சரிதான்.

வேலை தொடங்கிய மறு வருஷமே நாடு தலைகீழானது. 1974 செப்டம்பரில் பேரரசர் ஹைலே செலாசியை ராணுவம் இறக்கியது. தெர்க் என்ற ராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. சம்மதம் கொடுத்த தெவோஃபிலோஸை 1976-ல் பதவியிலிருந்து தூக்கினார்கள், 1979-ல் கொன்றார்கள். மதத்தை வேண்டாத, அமெரிக்காவை வேண்டாத அரசு. அப்படியும் படமெடுப்பு நிற்கவில்லை என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பான இடம். தேசத்தின் சொத்து என்ற பேச்சு கம்யூனிஸ்டுகளுக்கும் பிடித்தமானது என்பது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒரு படி ஊரிலேயே இருக்கிறது என்ற ஷரத்து இல்லாவிட்டால் முதல் மாதமே மூட்டை கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கெத்தாச்சு ஹைலே இந்தக் கதைக்குள் வந்தது குண்டடி பட்டு. 1931-ல் பிறந்தவர். கெய்ரோவில் படித்து, ஜெர்மனியின் டூபிங்கனில் செமித்திய மொழிகளில் டாக்டர் பட்டம் வாங்கி, அடிஸ் அபாபாவில் பேராசிரியராக இருந்தார். புரட்சிக்குப் பின் கூடிய சபையில் உறுப்பினர். ராணுவத்தை எதிர்த்துப் பேசியவர். 1975 அக்டோபரில் அவரைப் பிடிக்கச் சிப்பாய்கள் வீட்டைச் சூழ்ந்தார்கள். அவர் பணியவில்லை. துப்பாக்கிச் சண்டையில் குண்டு முதுகெலும்பில் பாய்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. நண்பர்கள் பாடுபட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து 1976-ல் மினசோட்டா. சொந்த ஊரின் ஏடுகள் ஃபிலிம் சுருளாக அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஃபிலிம் பார்க்கும் கருவியின் முன்னால், அவர் படிக்க ஆரம்பித்தார். படமெடுப்பதை ஒரு டெக்னீஷியன் பக்கம் பக்கமாகச் செய்துகொண்டே போகலாம். இன்ன ஏட்டில் இன்ன பக்கத்தில் இன்ன பிரசங்கம், இது இன்னார் எழுதியது, ஓரக்குறிப்பில் வரும் அரசர் இவர் என்று சொல்ல மொழியும் வழிபாடும் வரலாறும் தெரிந்த ஆள் வேண்டும். வில்லியம் மேக்கம்பர் என்ற அறிஞர் தொடங்கிவைத்த அட்டவணை வேலை கெத்தாச்சுவின் கையில்தான் பெருகியது. 1975 முதல் 1993 வரை பத்துத் தொகுதிகள், முதல் 5,000 ஏடுகளுக்கு. மேதைகளுக்குத் தருவது என்று பேர்பெற்ற மக்ஆர்தர் விருது 1988-ல் அவருக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அதை முதலில் பெற்றவர் அவரே. 2021-ல் தொண்ணூறு வயதில் இறந்தார். இந்தத் திட்டத்துக்குத் தந்தை யார் என்று கேட்டால் நான் பணம் கொடுத்தவரையும் கேமரா கொடுத்தவரையும் தாண்டி இவரைத்தான் சொல்வேன். அட்டவணை இல்லாத ஃபிலிம், சாவி தொலைந்த பெட்டி.

குறைகளும் இருக்கின்றன. ஃபிலிம் கறுப்பு வெள்ளை. கடவுள் பெயரை எழுதிய சிவப்பு மை அதில் வெளிறிய சாம்பலாகத்தான் தெரியும்; ஓவியங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். படமெடுத்த சுமார் 9,000 ஏடுகளில் பெரும்பகுதி ஷேவா, வொல்லோ, கொஜ்ஜாம் பக்கத்தவை. வடக்கே திக்ரேயில் உள்நாட்டுப் போர். கேமரா அந்தப் பக்கம் சரியாக எட்டவில்லை. கிழக்குத் திக்ரேயில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தார் 2009-க்குப் பிறகு போய் டிஜிட்டல் படம் எடுத்தார்கள். 2020-ல் அதே திக்ரேயில் போர் மூண்டது. கோயில்கள் சூறையாடப்பட்டன. எத்தியோப்பிய ஏடுகள் இணைய ஏலக் கடைகளில் விலைக்கு வந்தன. அப்படி விலைக்கு வரும் ஏட்டை இது இந்தக் கோயிலுடையது என்று நிரூபிக்கப் படம் வேண்டும். படமெடுத்தவருக்கு வாய் இருக்கிறது, எடுக்காதவருக்கு இல்லை.

ஹில் நூலகம் 2003-ல் லெபனானில் டிஜிட்டல் கேமராவுக்கு மாறியது. ஏடு இடம்பெயரக் கூடாது, வேலையை உள்ளூர்க்காரரே செய்ய வேண்டும் என்ற எத்தியோப்பிய ஷரத்துகள்தான் பிறகு போன எல்லா இடத்துக்கும் அடிப்படை. ஈராக்கில் நஜீப் மிக்காயேல் என்ற டொமினிக்கன் துறவி இந்த நூலகத்தோடு சேர்ந்து படமெடுத்துவந்தார். 2014-ல் ஐ.எஸ். படை வந்தபோது ஏடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குர்திஸ்தானுக்குத் தப்பினார். இப்போது அவர் மோசுல் பேராயர். மாலி நாட்டுத் திம்பக்துவின் இஸ்லாமிய ஏடுகளும், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் ஏடுகளும் இதே முறையில் படமாகியிருக்கின்றன.

பழைய எத்தியோப்பிய ஃபிலிம்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். அவர்கள் திறந்திருக்கும் இணைய வாசிப்பறையில் பெயரைப் பதிவு செய்தால் போதும், கட்டணம் கிடையாது. இ.எம்.எம்.எல். 1832 என்று தட்டிப் பாருங்கள். அச்சுத் தொகுதிகள் 5,000-ஆம் எண்ணோடு நின்றுவிட்டன. அதற்கு மேற்பட்ட நாலாயிரம் சொச்சத்துக்குக் கீஸ் படிக்கத் தெரிந்த அடுத்த தலைமுறை வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.